இறக்கத்தில் தேடும் சிக்கனம்



ஹைதராபாத்தில் வாழும் தமிழன்பர்கள் பலர், விடுமுறை நாட்களில் சொந்த வண்டியிலேயே ஊர் செல்கின்றனர். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கர்நூல், அனந்தப்பூர், பெங்களூர் வழியாகத் தருமபுரிக்கும் சேலத்திற்கும் அவர்களை இட்டுச் செல்கிறது. நெடும்பயணத்தில் எரிபொருட்செலவைக் குறைக்க விழைவது இயல்பே. ஆயின் அதற்கென்று சொல்லப்படும் வழிகளுள் எது சிக்கனம், எது உயிரைப் பணயம் வைப்பது என்று பகுத்தறிதல் வேண்டும்.

இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வண்டியை உருளவிடுவது பழைய வழக்கம். கார்புரேட்டர் இருந்த காலத்தில் அதனால் சிறிது மிச்சமாயிற்று. இக்காலத்து எஞ்சின்களில் நிலைமை வேறு. வண்டி கியரில் இருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் எரிபொருள் பாய்வதே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ, எஞ்சின் தானே சுழல எரிபொருள் வேண்டும். ஆகவே மிச்சம் என்று எண்ணியது செலவாகவே முடிகிறது.

பணநஷ்டத்தினும் பெரிது ஆபத்து. கியரில் இருக்கும் எஞ்சின் வண்டியைப் பின்னிழுத்து நிறுத்த உதவுகிறது. நியூட்ரலில் அத்துணை அகன்று, பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. இடைவிடாது அழுத்த, பிரேக் சூடேறி வலுவிழக்கிறது. எஞ்சினையே நிறுத்திவிட்டாலோ கேடு இன்னும் மிகும். காரில் இரண்டு மூன்று முறை அழுத்தியபின் பிரேக் கல்லாய் இறுகும்; லாரியில் காற்றை நிரப்பும் கருவி ஓடாமையால், ஒவ்வோர் அழுத்தத்திற்கும் காற்றழுத்தம் குறைந்துகொண்டே வரும்.

இச்சாலையில் தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாய் இதற்குப் பெயர்பெற்ற இடம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்க வேண்டாம் என்று லாரி ஓட்டுநர்கள் அங்கே எச்சரிக்கப்படுகின்றனர். 2020 டிசம்பர் 12 அன்று அக்கணவாயில் சிமெண்டு ஏற்றிய லாரியொன்று கட்டுக்கடங்காது பாய்ந்து, நின்றிருந்த வண்டிகள்மீது மோதியதில் நால்வர் மாண்டனர். விபத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் பாரவண்டி இறக்கத்தில் பிடியிழந்தால் விளைவது யாது என்பதை அது காட்டிற்று. காரில் செல்வோர் அங்கே தம் வண்டியை மட்டுமன்று, பின்வரும் லாரியையும் கவனித்தல் நன்று.

காற்றின் தடையைக் குறைக்க, லாரியின் பின்னால் ஒட்டிச் செல்வோரும் உளர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. முன்வண்டிக்கும் நமக்கும் 10 மீட்டரே இடைவெளியாயின், அது திடீரென நின்றால் கால் பிரேக்கைத் தொடுமுன்னரே மோதல் நிகழ்ந்துவிடும்.

அங்ஙனமாயின் நல்வழி யாது? வேகத்தைச் சீராக வைத்தல் முதலாவது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. 60 கிலோமீட்டர் வேகம் 80 ஆனால், எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகும். 158 கிலோமீட்டர் நீளமுள்ள நம் வெளிவட்டச் சாலையில் விரைவோர் இதை நினைவிற்கொள்க. டயர்களில் குறிப்பிட்ட அளவே காற்றடைத்தல், வேண்டாச் சுமையை இறக்குதல், அமீர்ப்பேட்டைச் சிக்னலில் நெடுநேரம் நிற்கையில் எஞ்சினை அணைத்தல் ஆகியவை பிறர்க்குத் தீங்கில்லாச் சிக்கனங்கள். 1978இல் அமைந்த பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் இத்தகைய வழிகளையே மக்களிடம் பரப்பி வருகிறது.

நின்ற வண்டியில் எஞ்சினை அணைப்பது விவேகம். ஓடும் வண்டியில் அணைப்பது விபரீதம். ஏறிய அதே கியரில் இறங்குக. ஊரும் உறவும் காத்திருக்கின்றன.