விருந்து நாளின் இரவுச் சாப்பாடு



ஆவணியும் தையும் வந்துவிட்டால் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று முகூர்த்தங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கல்யாண மண்டபத்தில் காலை ஏழரை மணிக்கே வெண்பொங்கல், வடை, கேசரி, காபி. தாலி கட்டி முடிந்ததும் பதினொன்றரைக்குப் பந்தி. நெய் ஊற்றிய பருப்புச் சோற்றில் ஆரம்பித்து, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம் என்று போய் மோரில் முடிகிறது. வாசலுக்கு வந்தால் ஐஸ்கிரீம், பீடா. வீட்டுக்கு வந்து சற்றே சாய்ந்தால் மாலை ஐந்து மணிக்குத்தான் கண் திறக்கிறது. இரவு எட்டு மணிக்கு அடுப்படியிலிருந்து குரல் வருகிறது: "ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?" கூடத்திலிருந்து பதிலும் தயாராக வருகிறது: "பெரிசா ஒண்ணும் வேண்டாம், லேசா ரெண்டு தோசை போதும்."

இன்று நான் பேச வந்தது அந்த இரண்டு தோசையைப் பற்றித்தான்.

சோறு கனமானது, டிபன் லேசானது என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்பதில்லை. வீட்டில் வார்க்கும் தோசை ஒன்று, அதற்கு விடும் எண்ணெயோடு சேர்த்து, சுமார் 120, 130 கலோரி. இரண்டு என்று உட்கார்ந்தவர் மூன்றாவதுக்குத் தட்டை நீட்டுவார். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி. 30 கிராம் துருவிய தேங்காய் என்றால் 100 கலோரி. மிளகாய்ப்பொடியைக் குழைக்க இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் அதில் இன்னொரு 80. ஆக மொத்தம் 500-ஐத் தாண்டுகிறது. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி, பெண்ணுக்கு 1,660 கலோரி போதும் என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அதில் பெரும்பகுதி மண்டபத்திலேயே முடிந்துபோன நாளில், லேசான டிபன் என்ற பேரில் இன்னொரு முழுச் சாப்பாட்டை உள்ளே தள்ளுகிறோம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது எண்ணெயைத்தான். மாவுச்சத்தோ புரதமோ ஒரு கிராமுக்கு 4 கலோரி கொடுக்கும். கொழுப்பு 9 கொடுக்கும். அதனால் இரண்டு இட்லியைக் குறைப்பதைவிட ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைப்பது சுலபம், பலனும் அதே அளவு. அது மட்டுமல்ல. கொழுப்பு அதிகமுள்ள சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் குடலுக்கு இறங்கும். நெய்யும் வறுவலும் பாயசமும் சேர்ந்த விருந்து பல மணி நேரம் வயிற்றில் கிடப்பது இதனால்தான். மாலை ஆறு மணிக்கும் திம்மென்று இருக்கிறதே என்றால், வேலை இன்னும் முடியவில்லை என்று வயிறு சொல்கிறது. அந்த நேரத்தில் கடைக்குப் போய் கோலா வாங்கிக் குடிக்கிறவர்கள் நிறையப் பேர். ஏப்பம் வரும், சற்றுச் சுகமாகவும் இருக்கும். வெளியே வருவது அந்தப் பானத்திலிருந்த வாயுதான், சாப்பாடு இருந்த இடத்திலேயே இருக்கும். கூடவே, 300 மில்லி பாட்டிலில் 30 கிராம் சர்க்கரை உள்ளே போயிருக்கும். தாகத்துக்கு வெந்நீரோ, பெருங்காயம் போட்ட நீர்மோரோ எவ்வளவோ மேல்.

அப்படியானால் இரவு பட்டினி கிடக்கலாமா? பசியே இல்லையென்றால், உடம்பில் வேறு தொந்தரவு இல்லாத பெரியவர்கள் ஒரு டம்ளர் மோரோடு படுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மத்தியானம் சாப்பிட்டதற்குத் தண்டனையாக ராத்திரி வயிற்றைக் காயப்போடுவதை நான் ஏற்பதில்லை. அப்படிப் படுத்தவர்தான் பத்தரை மணிக்கு எழுந்து வந்து, கல்யாண வீட்டில் கொடுத்தனுப்பிய பட்சணப் பையைப் பிரிக்கிறார். ஒரு லட்டு, இரண்டு முறுக்கு, கொஞ்சம் மிக்சர். அவர் தவிர்த்த சாப்பாட்டைவிட அது அதிகம். அந்தப் பையை வீட்டுக்கு வந்தவுடனே அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு, மிச்சத்தை எட்டாத அலமாரியில் வையுங்கள்.

பசிதானா என்று தெரியவில்லையென்றால் முதலில் தண்ணீர் குடித்துப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், வறுவல் என்று அன்று உப்பு அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பு கூடினால் தாகம் எடுக்கும். அந்தத் தாகத்தைப் பசி என்று நினைத்துத் தட்டைத் தேடுவது சகஜம். தண்ணீர் குடித்துக் கால் மணி நேரம் கழித்தும் வயிறு கேட்டால், சாப்பிடுங்கள்.

என்ன சாப்பிடுவது? நான் சொல்லும் வழி ஒன்றுதான்: மத்தியானம் இலையில் எது குறைவாக இருந்ததோ, அதை இரவில் வையுங்கள். சைவக் கல்யாண இலையை நினைத்துப் பாருங்கள். சோறு இருந்தது, நெய் இருந்தது, சர்க்கரை இருந்தது. காய் என்பது கரண்டி நுனியில் வைத்த பொரியல். பருப்போ முதல் கவளத்தோடு சரி. ஆக, இரவுக்குக் காயும் பருப்பும் வேண்டும், தண்ணீராக வேண்டும், எண்ணெய் வேண்டாம். இதையெல்லாம் ஒரே பாத்திரத்தில் தருவது நம்முடைய கஞ்சி.

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன். நொய் அரிசி 50 கிராம், பாசிப்பருப்பு 25 கிராம். பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், நாலைந்து சின்ன வெங்காயம் போட்டுத் திறந்த பாத்திரத்தில் வேக வையுங்கள். பருப்பு பொங்கி வழியும், அதனால் தீயைத் தணித்து, கரண்டியைப் பாத்திரத்தின் மேலேயே குறுக்காக வைத்துவிடலாம். பாதி வெந்ததும் பொடியாக நறுக்கிய சுரைக்காயோ பீர்க்கங்காயோ இரண்டு கைப்பிடி சேருங்கள். நொய் குழைந்து, பருப்பு கரைந்து, கரண்டியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும் பதம் வந்ததும் உப்பும் மிளகுத்தூளும் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப்போட்டு இறக்குங்கள். தாளிப்பு வேண்டாம். வாசனைக்கு அந்த இஞ்சியும் சீரகமும் போதும். ஆளுக்கு இரண்டு கிண்ணம் வரும். ஒருவருக்கு 150 கலோரிக்குள்தான், ஆனாலும் வயிறு நிறையும். காரணம், அதில் பெரும்பகுதி தண்ணீர். சுரை, பீர்க்கு, புடலை போன்ற காய்களிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

எனக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிய பெண்மணிதான் இரவு அடுப்படியில் நின்று ஒவ்வொருவருக்காகத் தோசை வார்க்கிறார். கடைசித் தோசையை அவர் சாப்பிடும்போது மணி ஒன்பதரை. கஞ்சி என்றால் அடுப்பில் ஒரு பாத்திரம், அரை மணி நேரம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சீக்கிரமே முடித்துவிடலாம். அதை ஆண்களே வைக்கலாம், வைக்க வேண்டும்.

விருந்து அசைவமாக இருந்தால் கணக்கு மாறும். மத்தியானம் பிரியாணியும் சுக்கா வறுவலும் சாப்பிட்டிருந்தால் புரதம் போதுமான அளவு கிடைத்திருக்கும். இரவுக்கு ஒரு கிண்ணம் காய்கறி சூப், அல்லது வெள்ளரி, கேரட், தக்காளி நறுக்கிப்போட்ட தயிர்ப்பச்சடியோடு ஒரே ஓர் இட்லி. மீந்த குழம்பைச் சூடு பண்ணி இரண்டு பரோட்டா வாங்கி வருவதுதான் அன்று செய்யக்கூடாதது. இனிப்பும் மாவும் மட்டுமே தின்று தீர்த்த தீபாவளி நாள் என்றால், ஓர் அவித்த முட்டையோ ஒரு சின்னக் கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ நல்ல இரவுச் சாப்பாடு. முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, கலோரியோ சுமார் 75. இனிப்புக்கு நாக்கு ஏங்கினால் பப்பாளி இரண்டு கீற்று.

எதைச் சாப்பிட்டாலும் படுக்கைக்கும் அதற்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலே ஏறி நெஞ்சைக் கரிக்கும். சாப்பிட்ட பின் தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதைக் கவனமாகக் கேளுங்கள். இன்சுலினும் சில வகை மாத்திரைகளும் உங்கள் சாப்பாட்டு அளவைக் கணக்கில் வைத்துத்தான் கொடுக்கப்படுகின்றன. மருந்தை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டை விட்டால், தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வியர்வை, நடுக்கம், நினைவு தடுமாற்றம், சில சமயம் மயக்கம் வரைக்கும் போகும். நீங்களாக மருந்தையும் குறைக்காதீர்கள், சாப்பாட்டையும் விடாதீர்கள். விருந்து நாளில் என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் குறைப்பு வேண்டாம். குழந்தைக்குப் பசித்தால் வழக்கமான சாப்பாடே போடுங்கள்.

மறுநாள் காலையில் எடை பார்க்கிறவர்கள் ஒரு கிலோ கூடியிருப்பதைக் கண்டு கலங்கவேண்டியதில்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்காது. கூடியிருப்பதில் பெரும்பகுதி உப்பு பிடித்துவைத்த தண்ணீரும், இன்னும் குடலில் இருக்கும் சாப்பாடும். வழக்கம்போல் சாப்பிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதற்காகக் காலைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டு மத்தியானம் அகோரப் பசியோடு உட்காராதீர்கள். எட்டு மணிக்குப் பசித்தால் எட்டு மணிக்கே இரண்டு இட்லியும் சாம்பாரும் சாப்பிடுங்கள்.