செவிலியர் பயிற்சிக்கு வேண்டும் கணக்கு



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த அன்றே கணக்குப் புத்தகத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்னும் பாடப் பிரிவை எடுத்துக்கொண்டவர்கள், கணக்கோடு இனி நமக்கு வழக்கில்லை என்று நிம்மதி அடைந்திருப்பார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் செவிலியராக விரும்புகிறவர்கள். சேலத்து அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், 2022-இல் திறக்கப்பெற்ற நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியையும் கடந்து செல்லும்போதெல்லாம், நாமும் ஒருநாள் இத்தகைய இடத்தில் பணிபுரிவோம் என்று எண்ணுகிறவர்கள். அவர்களை நினைத்தே இன்று பேசுகிறேன்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் அரசு இடங்கள் நெடுங்காலமாகப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. டில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு போன்றவற்றிலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவையே முதன்மை பெறுகின்றன; கணக்கு தனிப் பாடமாக இடம்பெறுவதில்லை. ஆகவே கணக்கைத் தொடாமலே வாயிலைக் கடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இயற்பியல் வினாவிலும் வேதியியல் வினாவிலும் பாதி கணக்குத்தானே? அமெரிக்காவில் செவிலியர் பள்ளிகள் பலவற்றில் சேர எழுதும் ‘டீஸ்’ தேர்வில் கணக்கு ஒரு தனிப் பகுதி. பிரிட்டனில் பதிவு செய்துகொள்ள விரும்பும் வெளிநாட்டுச் செவிலியர் எழுதும் கணினிவழித் தேர்விலும் மருந்துக் கணக்குக்கென்றே ஒரு பகுதி உண்டு. இவையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். தேர்வு கேளாவிட்டாலும் நோயாளியின் படுக்கை கேட்கும். அதுவும் முதலாண்டிலேயே கேட்கும்.

அங்கே கேட்கப்படும் கணக்கு எது? நுண்கணிதமும் அன்று, முக்கோணவியலும் அன்று. பின்னம், தசமம், விகிதம், சதவீதம், அலகு மாற்றம் ஆகிய ஐந்தே. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்களில் இவை முழுவதும் அடங்கிவிடும். அந்தச் சிறிய வகுப்புப் புத்தகத்தைக் கையில் எடுக்க வெட்கப்பட வேண்டா. பணம் கொடுத்து வாங்கும் வினா வங்கிகளைவிட அதுவே உங்களுக்கு மிகுந்த பயன் தரும் என்பது என் கருத்து.

இந்த ஐந்தனுள்ளும் மாணவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அளவு வேறு, அந்த அளவுக்குள் அடங்கிய சத்து வேறு என்னும் தெளிவே அது. நம் சேலம், நாமக்கல் பகுதி உழவர்க்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுசெல்லும்போது, மூட்டையின் எடையை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை; மாவுச்சத்து எத்தனை ‘பாயிண்ட்’ என்று பார்த்தே பேசுகிறார்கள். இரண்டு மூட்டைகளும் ஒரே எடை; உள்ளிருக்கும் மாவு ஒன்றில் மிகுதி, மற்றொன்றில் குறைவு. மருந்துப் புட்டியும் அப்படிப்பட்டதே.

இன்சுலின் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ள புட்டியும் கிடைக்கிறது. 100 யூனிட் உள்ள புட்டியும் கிடைக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ஊசிக்குழல் உண்டு. 40-க்கு உரியதன் மூடி சிவப்பு. 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. நோயாளிக்கு 10 யூனிட் போடவேண்டும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். 40-க்கு உரிய குழலில் 10 என்னும் கோடு வரை மருந்தை இழுத்தால், உள்ளே வருவது கால் மில்லி லிட்டர். புட்டியும் 40-ஆக இருந்தால் அது சரியாகப் பத்து யூனிட். அதே குழலால் 100 யூனிட் புட்டியிலிருந்து இழுத்துவிட்டால்? கால் மில்லி லிட்டரில் 25 யூனிட்! எழுதியதைப்போல் இரண்டரை மடங்கு. இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, வியர்த்து, அறிவு கலங்கி, நோயாளி மயங்கிவிடலாம். உயிரே போகவும் கூடும். இங்கே பெருக்கல் வாய்பாடு தவறவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஒரு மில்லி லிட்டரில் எவ்வளவு?’ என்னும் ஒரே கேள்வி கேட்கப்படாமல் போயிற்று.

குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்திலும் இதே நிலைதான். பாராசிட்டமால் பாகு, 5 மில்லி லிட்டரில் 125 மில்லி கிராம் உள்ளதாகவும் வருகிறது. 250 உள்ளதாகவும் வருகிறது. மருத்துவர் 150 மில்லி கிராம் என்று எழுதினால், முதற் புட்டியில் 6 மில்லி லிட்டர், இரண்டாவதில் 3. ‘ஒரு கரண்டி கொடு’ என்னும் பேச்சு எவ்வளவு ஆபத்தானது, பாருங்கள்!

தசமப் புள்ளியைப் பற்றியும் ஒரு சொல். அரையை எழுதும்போது 0.5 என்று முன்னால் சுழியமிட்டே எழுதிப் பழகுங்கள். வெறும் புள்ளியிட்டு ஐந்து எழுதினால், மங்கலான தாளில் புள்ளி மறைந்து ஐந்தாகிவிடும், பத்து மடங்கு. முழு ஐந்தை 5.0 என்று எழுதினாலோ, அது ஐம்பதாகப் படிக்கப்படும். தைராய்டு மாத்திரை அட்டையில் 50 மைக்ரோ கிராம் என்று அச்சிட்டிருக்கும். ஆயிரம் மைக்ரோ கிராம் ஒரு மில்லி கிராம் ஆதலால், அது 0.05 மில்லி கிராம். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அட்டையிலும் உள்ள அளவை வேறு அலகுக்கு மாற்றிப் பாருங்கள். இதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் எனக்குத் தெரியவில்லை. நம் பாட்டிமார் அரைக்கால், வீசம் என்று பின்னங்களை வாயாலேயே கூட்டிக் கழித்தார்கள்; நாம் கைப்பேசியைத் தேடுகிறோம்.

தொண்டு செய்ய வருகிறவர்க்குக் கணக்கு எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு 1854 முதல் பணிசெய்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், போர்க்காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே மிகுதியானோர் மாண்டனர் என்பதைப் புள்ளிவிவரப் படங்களால் அரசுக்கு எடுத்துக்காட்டினார். இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதற் பெண் உறுப்பினரும் அவரே. அவர் கையிலிருந்த விளக்கை நாம் அறிவோம், பேரேட்டைத்தான் மறந்துவிட்டோம்.

இனிப் பயிற்சி முறை. நாளொன்றுக்கு அரைமணி போதும். முதல் வாரம் வாய்பாடும் பின்னமும். அடுத்துத் தசமமும் அலகு மாற்றமும். அதன்பின் விகிதமும் சதவீதமும். சலைன் என்பது 0.9 சதவீத உப்புநீர். அப்படியானால் 500 மில்லி லிட்டர் புட்டியில் உப்பு எவ்வளவு? நூற்றில் 0.9 கிராம், ஐந்நூற்றில் 4.5 கிராம். சூத்திரத்தை முதலில் மனப்பாடம் செய்யாதீர்கள். விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று முதலில் வாயால் சொல்லுங்கள். பிறகு எழுதிப் போடுங்கள். இரண்டும் வெகுவாக விலகினால், அலகில் எங்கோ பிசகு என்று அறிந்துகொள்ளலாம்.

துளிக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். 500 மில்லி லிட்டர் சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்றவேண்டும். குழாயில் 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். மொத்தத் துளி 10,000. மொத்த நிமிடம் 240. வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. குழந்தைகளுக்குப் பயன்படும் நுண்துளிக் குழாயில் 60 துளி சேர்ந்தால்தான் ஒரு மில்லி லிட்டர். அங்கே மணிக்கு எத்தனை மில்லி லிட்டரோ, நிமிடத்துக்கும் அத்தனை துளி. ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

இன்னொன்று உங்களுக்கு விடுகிறேன். ஒரு லிட்டர் சலைன், எட்டு மணி நேரம், 15 துளிக்கு ஒரு மில்லி லிட்டர். நிமிடத்துக்கு எத்தனை துளி? பென்சிலை எடுக்குமுன், விடை 20-க்கு அருகிலா, 30-க்கு அருகிலா, 50-க்கு அருகிலா என்று சொல்லிவிட்டு எடுங்கள்.