ஈயத் தலைக்கு நிறம்



ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்க்கிற ஒரு சின்னத் தலைக்கு நிறம் ஏற்றுவதைப் பற்றி இன்றைக்குக் கதைக்கப் போகிறேன். அந்தத் தலையை ஜிக் என்பார்கள். இதற்கு இரை கோக்கத் தேவையில்லை. தண்ணீருக்குள் இறக்கி, கோலை உயர்த்தித் தாழ்த்தி ஆட்டிக்கொண்டு வந்தால், தப்பியோடும் சின்ன மீன் என்று நினைத்துப் பாரையும் சீலாவும் வந்து கவ்வும். நம் கரையில் ஈயம் பழைய சாமான். வலைக்கும் கைத்தூண்டிலுக்கும் ஈயம் கட்டாமல் யார் கடலுக்குப் போனார்கள்? அதற்கு நிறம் பூசி, அடுப்பில் வேகவைத்து எடுப்பதுதான் புதிது.

இரையில்லாமல் மீன் கடிக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் குசினிக்குப் போய் மாசி டின்னைத் திறந்து பாருங்கள். மாசி செய்கிற சூரையை மாலைதீவுக்காரர் கம்பால் பிடிப்பவர்கள். உயிரோடு வைத்திருக்கும் சிறு மீன்களைக் கடலில் எறிந்து சூரைக் கூட்டத்துக்கு வெறியேற்றிவிட்டு, இரை குத்தாத, எதிர்முள்ளும் இல்லாத, பளபளவென்ற வெறும் தூண்டிலைத்தான் விடுவார்கள். அந்த மினுக்கத்தைச் சூரை கவ்வும். மாலைதீவு மாசி போட்டு நாம் இடிக்கிற சம்பலுக்குள் இந்தச் சூழ்ச்சியும் சேர்ந்துதான் கிடக்கிறது.

வீட்டில் ஜிக் செய்கிற ஆசைக்கு ஒரு காசுக் காரணமும் உண்டு. 2022இல் இலங்கை ரூபாய் விழுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த வருடம் அது. வெளிநாட்டிலிருந்து வருகிற தூண்டில் சாமான்களின் விலையும் அதோடு ஏறியது. ஜிக் போக வேண்டிய இடமோ மீன் நிற்கும் கடலடிப் பார். பாரில் கல் உண்டு, கல்லில் மாட்டினால் தங்கூசி அறும். விலை கொடுத்து வாங்கியது அப்படிப் போனால் மனிசன் அடுத்ததைத் துணிந்து இறக்க மாட்டான். தானே வார்த்தது என்றால் இறக்குவான். துணிந்து இறக்குகிறவனுக்குத்தான் மீனும் கிடைக்கிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். சாதாரண எனாமல் பெயின்ட்டைத் தூரிகையால் பூசினால் காய நேரம் எடுக்கும், கல்லில் ஒருமுறை பட்டதும் செதிள் செதிளாகக் கழன்றுவிடும். பவுடர் பெயின்ட்டின் கதை வேறு. அதில் எண்ணெயும் தின்னரும் கிடையாது. நிறமும் பிசினும் கலந்த உலர்ந்த மா அது. சூடான உலோகத்தில் பட்டதும் உருகி ஒட்டும். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் சூட்டில் வைத்தால் தன்னுள்ளேயே பிணைந்து இறுகிவிடும், திரும்பச் சூடாக்கினாலும் இளகாது. உங்கள் வீட்டு அலுமினிய ஜன்னல் சட்டத்தில் வெள்ளையோ மண்ணிறமோ பூசியிருந்தால், அநேகமாக அதுவும் இந்த இனம்தான். அங்கே மின்னேற்றம் கொடுத்து விசிறுகிறார்கள். தூண்டில்காரர் பிடித்துக்கொண்டிருப்பது அதைவிடப் பழைய முறை. 1950களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர், கீழேயிருந்து காற்றை ஊதிப் பவுடரை மிதக்கவைத்து, சூடான உலோகத்தை அதற்குள் முக்கியெடுக்கும் வழியைக் கண்டார். இன்றைக்கு ஒருவர் பிளாஸ்டிக் கோப்பையின் அடியை வெட்டி, வடிதாளை ஒட்டி, மீன் தொட்டிக்குக் காற்று கொடுக்கிற மோட்டரை மாட்டிச் செய்துகொள்வதும் அதே ஏற்பாடுதான். மீன் வளர்க்கிற மோட்டர் மீன் பிடிக்கவும் உதவுகிறது, பாருங்கள். தொடக்கக்காரருக்கு அதுவும் அவசியமில்லை. போத்தலை நன்றாகக் குலுக்கி, அடியில் இறுகிக் கிடக்கும் பவுடரைக் கிளறிப் பொலபொலவென்று ஆக்கினால் போதும்.

இந்தக் கலையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், சூட்டில். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் நிறத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை நிறம் வாங்கலாம், எது மினுங்கும், எது இருட்டில் ஒளிரும் என்று. கேட்க வேண்டியது, ஈயத்தை எத்தனை செக்கன் சூடாக்குவது என்பதை. அதற்கும் ஒரே விடை கிடையாது. 5 கிராம் தலை சட்டென்று சூடாகிவிடும், 20 கிராம் தலை சுணங்கும். முள்ளின் வளைவைக் குறடால் பிடித்து, ஹீட் கன்னின் முன்னால் தலையை மட்டும் திருப்பித் திருப்பிக் காட்டி, பவுடருக்குள் ஒரு வீச்சு வீசி உடனே எடுக்க வேண்டும். எடுத்த பிறகு கண்ணை அதிலேயே வைத்திருங்கள். மா படிந்து மங்கலாக வந்து, இரண்டு மூன்று செக்கனில் தானாக மினுங்கத் தொடங்கினால் சூடு சரி. மங்கலாகவே சொரசொரத்து நின்றால் சூடு போதவில்லை, மெதுவாக இன்னொரு தரம் காட்டலாம். எடுக்கும்போதே பளபளத்து, அடியில் துளியாகத் திரண்டு தொங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. அப்பச் சட்டியில் மாவை ஊற்றும்போது எழுகிற சத்தத்தைக் கேட்டே சூட்டைச் சொல்லும் உம்மாமாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூடு கூடினால் பவுடர் அளவுக்கு மேல் ஏறும், தலை தடித்துவிடும். தடித்த பூச்சு வலுவாகத் தெரியும், ஆனால் கல்லில் முதலில் வெடிப்பது அதுதான். நல்ல வேலை மெல்லியதாக இருக்கும். வார்ப்பில் வந்த கண்குழியும் செதிளின் கோடும் பூச்சுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தால், செய்தவருக்குக் கை வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

மெழுகுதிரியில் சூடாக்காதீர்கள், கரி பிடித்து வெள்ளை நிறம் சாம்பல் நிறமாகிவிடும். ஹீட் கன் இல்லையென்றால் ஸ்பிரிட் விளக்கு நல்லது. ஆனால் சுவாலைக்குப் பக்கத்தில் காற்றூதும் கோப்பையை வைக்க வேண்டாம், காற்றில் பறக்கும் நுண்பவுடர் தீப்பற்றக்கூடியது. முள்ளை நேரடியாகச் சுவாலையில் காட்டினால் அதன் உருக்கு இளகி, பெரிய பாரை இழுக்கும்போது நிமிர்ந்துவிடும். தங்கூசி கட்டுகிற ஓட்டையைப் பவுடர் அடைத்திருந்தால், சூடு ஆறுமுன் ஊசியால் குத்தித் திறக்க வேண்டும். இறுகிய பிறகு அது பெரிய தொல்லை.

பிறகு தலையை ஓவனுக்குள் கம்பியில் தொங்கவிட்டு வேகவைக்க வேண்டும். பவுடருக்கு ஏற்ப மாறினாலும், பொதுவாக 177 பாகை செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். ஈயம் 327 பாகையில்தான் உருகும், ஆகவே பயமில்லை. ஈயம் வேண்டாமென்று தனி வெள்ளீயத்தில் வார்த்தவருக்கும் 232 பாகை வரை இடமுண்டு. ஆனால் பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகம் ஒன்று விற்பனைக்கு வருகிறது. அதில் ஒரு வகை 138 பாகையிலேயே உருகிவிடும். அதை ஓவனில் தொங்கவிட்டால், நிறம் இறுகுமுன் தலை உருகித் தட்டில் கிடக்கும், கம்பியில் முள் மட்டும் தொங்கும். சின்ன ஓவன்களின் திருகு காட்டுகிற எண்ணையும் நம்பாதீர்கள், உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வையுங்கள்.

மாரி காலத்தில் கடல் பொங்கி, படகுகள் கரையேறி நிற்கும்போது கைக்கு வேலை தேடுகிறவர்களுக்கு இது பொருத்தமான வேலை. சங்கடம் என்னவென்றால், அப்போதுதான் காற்றில் ஈரமும் அதிகம். பவுடர் கட்டிபடும். மூடியை இறுக்கி, சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பையொன்றை உள்ளே போட்டு வையுங்கள்.

இனி நிறம். சாய்ந்தமருதுக் கரையில் ஒரு பெரியவர் ஒரு பெடியனின் ஜிக் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மனே, இந்தச் சோடனையெல்லாம் மீனுக்கா, ஒனக்கா?" பெடியன் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேருக்கும்தான் மாமா" என்றான். பெரியவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடல்நீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். கடையில் கண்ணைப் பறிக்கும் சிவப்புத் தலை, 20 மீற்றர் ஆழத்தில் கறுத்த ஒரு கட்டி. தெளிந்த நீரில் நீலம்தான் ஆழத்துக்குப் போகும். முகத்துவாரத்துக் கலங்கல் நீரில் மஞ்சளும் பச்சையும் பரவாயில்லை. கணவாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறம் பிரித்தறியவே தெரியாது, அவற்றின் கண்ணில் இருப்பது ஒரேயொரு வகை ஒளியுணர் கலம். இருந்தும் கணவாய்த் தூண்டில்கள் எத்தனை நிறத்தில் விற்கின்றன! கணவாய்க்குத் தெரிவது வெளிச்சமும் இருளும் சந்திக்கிற விளிம்பு. ஆகவே பெடியனும் பாதி சரிதான். சூடை மீனைப் பாருங்கள், முதுகு கருமை, வயிறு வெள்ளி. வெள்ளையில் முக்கி எடுத்து, முதுகில் மட்டும் கரும்பச்சைப் பவுடரைத் தூரிகையால் தட்டித் தூவினால் அதுவே வந்துவிடும். இருட்டில் ஒளிரும் பவுடருக்கும் அடியில் வெள்ளை வேண்டும், வெறும் ஈயத்தின் மேல் பூசினால் மங்கிப்போகும். ஆகவே முதலில் வெள்ளைப் போத்தல் ஒன்றை மட்டும் வாங்கித் தொடங்கலாம் என்பேன்.

கடையில் விற்கும் ஜப்பானிய ஜிக்குகளின் வானவில் தகடும் நுணுக்கமான செதிளும் பவுடரில் வராது. அந்த அழகைத் தேடி வருகிறவர் ஏமாந்துதான் போவார்.

ஈயத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. குசினியில் உருக்க வேண்டாம். பவுடர் வேகிற ஓவனில் பாண் சுட வேண்டாம். பழைய பெட்டரியை உடைத்து ஈயம் எடுக்கவே வேண்டாம், அதில் அமிலமும் வேறு நஞ்சுகளும் உண்டு. காற்றோட்டமான வெளியிடத்தில் உருக்குங்கள். உருகிய ஈயத்தில் ஒரு துளி தண்ணீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும், சரியாகக் காயாத சாந்து அச்சும் அதையே செய்யும். அரத்தால் ராவிய தூளை ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறியுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிரித்தானியாவில் அன்னப் பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கிச் செத்ததால், 28 கிராம் வரையான ஈயத் தூண்டில் எடைகளை 1987இல் தடைசெய்தார்கள். நல்ல பூச்சு உள்ளவரை ஈயம் கையில் படாது என்பது பவுடருக்கு நான் கொடுக்கிற பெரிய புள்ளி. ஆனால் பாரில் அறுந்து போன ஈயம் கடலில்தான் கிடக்கும். பூச்சு அதற்குப் பதில் சொல்லாது.

உங்கள் வேலை எப்படி என்று என்னிடம் கேட்க வேண்டாம், சீலாவிடம் கொடுத்துப் பாருங்கள். அதன் பல் பட்ட தலையைக் கரைக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடியுங்கள். பூச்சு தகடாக உரிந்திருந்தால் அடியில் எண்ணெயோ விரல் அழுக்கோ இருந்திருக்கிறது. அடுத்த தரம் வார்த்ததை ஸ்பிரிட்டால் துடைத்து, வெறும் கையால் தொடாமல் சூடாக்குங்கள். சின்னச் சின்னக் கொப்புளங்கள் உடைந்திருந்தால் ஈயத்துக்குள் ஈரமோ காற்றோ அடைபட்டிருக்கிறது, பூசுமுன் ஒருமுறை நன்றாகச் சூடாக்கி ஆறவிட்டால் அது போய்விடும். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோனை நனைத்துத் தேய்த்ததும் நிறம் துணியில் தாராளமாகக் கழன்று வந்தால் ஓவனில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். பல்லின் கீறல் மட்டும் மெல்லிய கோடாக இருந்து, மற்ற இடமெல்லாம் அப்படியே மினுங்கினால், அதே தலையை மறுகா கட்டிக் கடலில் இறக்கலாம்.