கண்ணாடியும் கழுவும் நீரும்

மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று பாடாத காலமில்லை. அப்பொருள்பற்றி அண்மைக் காலத்தெழுந்த பாட்டுகளுள் உலகெங்கும் பரவிய ஒன்று, அமெரிக்கப் பாடகர் மைக்கல் ஜாக்சன் 1987இல் வெளியிட்ட ‘மான் இன் த மிரர்’. சீடா காரெட், கிளென் பல்லார்ட் என்னும் இருவர் அதனை இயற்றினர். உலகைத் திருத்த விழைவோன் கண்ணாடியில் தெரியும் தன்னையே முதலில் திருத்துக என்பது அதன் சாரம். லூதர் வழிச் சிந்தனை இதனை எவ்வாறு நோக்கும்?

முதற்கண் அது உடன்படும். மார்ட்டின் லூதர் 1517இல் எழுதிய 95 கூற்றுகளுள் முதலாவது, விசுவாசியின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாக அமைய வேண்டும் என்பதே. ஏழைக்கு இரங்கத் தூண்டும் பாட்டு அயலானுக்கு நன்மை செய்வதுமாகும்.

அடுத்த படியிலேதான் வழி பிரிகின்றது. கண்ணாடி முகத்திலுள்ள கறையைக் காட்டும், கழுவாது. லூதர் மரபிலே இறைவனின் கட்டளைக்குக் கண்ணாடி உவமையாவது இதனாலேயாம். லூதர் 1505இல் ஏர்பேட் நகரத்து அகுஸ்தீனியர் மடத்திற் புகுந்து, நோன்பாலும் செபத்தாலும் தம்மைத் திருத்த முயன்றார். நெஞ்சு அமைதி பெறவில்லை. தன்பக்கமே வளைந்த மனம் தன்னைத் தானே நிமிர்த்தாது எனக் கண்டார். உலகியற் காரியங்களில் மனிதனுக்குத் தெரிவுரிமை உண்டு. இறைவன்பால் திரும்பும் ஆற்றலோ அவனிடம் இல்லை என, 1525இல் எராஸ்மசுக்கு எழுதிய மறுப்பிலே வாதிட்டார்.

‘உன்னால் முடியும்’ என்பது மட்டுமே அறிவுரையாயின், வென்றவன் செருக்குறுவான், தோற்றவன் மனமுடைவான். பன்முறை உறுதிபூண்டு பன்முறை வீழ்ந்தவனுக்கு அதனால் ஆறுதல் யாது? அவனுக்கு லூதர் காட்டுவது வெளியிலிருந்து வரும் ஒரு சொல்லை: கிறிஸ்துவின்பொருட்டு நீ ஏற்றுக்கொள்ளப்பட்டாய் என்னும் நற்செய்தியை. மரம் முதலில் நன்மரமாதல் வேண்டும். நற்கனி பின்னரே வரும்.

அம்மாற்றம் ஒருநாளில் முடிவதுமன்று. ஞானஸ்நானத்தை விளக்குமிடத்து, பழைய மனிதன் நாள்தோறும் நீரில் அமிழ்ந்து மாளவும், புதிய மனிதன் நாள்தோறும் எழவும் வேண்டும் என்று 1529இல் வெளிவந்த சிறிய ஞானோபதேசம் கற்பிக்கின்றது. ஆகவே நேற்று வீழ்ந்தவனுக்கு இன்றைய விடியல் மறுக்கப்படுவதில்லை.

இவற்றால் பாட்டை வெறுத்தல் வேண்டா. லூதர் தாமும் பாட்டியற்றியவரே. 1524இல் அச்சேறிய எட்டுப் பாட்டுகள் கொண்ட சிறு தொகுதியில் நான்கு அவருடையவை. கண்ணாடி தன் பணியைச் செய்யட்டும். கழுவும் நீரை அதனிடம் கேளாதிருத்தலே அறிவுடைமை.