வலிக்கலன்னா நல்லதுதானே?

போன டிசம்பர்ல பெரியதாழைக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்பது வருஷம் கடல் தொழில், பதினஞ்சு வருஷமா சுகர். கரையில அவரைச் செருப்போட பார்த்ததே இல்ல. அன்னைக்கு அவர் நடந்து வந்த தரையெல்லாம் ரத்தம். பாதத்துல சிப்பி ஓடு ஏறியிருக்கு. "எனக்குத் தெரியவே இல்லயே மருமவனே"ன்னார்.

நம்ம பாஷையில சொன்னா, சென்சார் போச்சு, அலர்ட் வரல. சுகர் நரம்பைக் கெடுத்தா வலி தெரியாது. ரத்தக்குழாயும் சுருங்கிட்டா, புண் ஆறத் தேவையான ரத்தமும் வராது. ரெண்டும் சேர்ந்தா சின்னக் காயம்கூட விரலை எடுக்குற அளவுக்குப் போகலாம்.

டாக்டர் ஒரு நைலான் இழையால பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். 10 கிராம் அழுத்தம்தான். "நம்ம தூண்டில் நரம்புல்ல இது!"ன்னு மாமா சிரிச்சார். ஆனா தொட்டது தெரியல. அப்புறம் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால வகுத்தாங்க. 0.9க்குக் கீழே வந்தா ரத்த ஓட்டம் குறைவு. மாமாவுக்கு 0.8. பீடியை அன்னைக்கே நிறுத்தச் சொன்னாங்க.

புண் ஆற ரெண்டு மாசம் ஆச்சு. விரல் தப்பிச்சது. இப்போ பின்பட்டை வச்ச எம்.சி.ஆர். செருப்புதான். தினமும் ராத்திரி அத்தை கண்ணாடி வச்சுப் பாதத்தைப் பார்க்கிறாங்க.

இன்னைக்கு வீட்டுக்கு போன் பண்றப்போ, "சாப்பிட்டீங்களா"வோட நிறுத்தாதீங்க. "காலைப் பார்த்தீங்களா"ன்னும் கேளுங்க.