ஐம்பது வயதில் நூறு கிலோமீட்டர்: முதல் நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குத் தயாராவது எப்படி?



"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் சைக்கிளைத் தூசி தட்டி வெளியே எடுத்தால் வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். பதிலை மதுரைக்குப் பக்கத்திலிருந்தே சொல்லலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத்தருவதையும் அதன் ஒரு பகுதியாக்கினார். அதுவரை சைக்கிளைத் தொட்டே பார்க்காத குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என ஆயிரக்கணக்கானோர் ஓட்டக் கற்றார்கள். நமக்கு ஓட்டத் தெரியும். விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரணும், அவ்வளவுதான்.

நெடுந்தூரப் பயணம் என்பது வேகப் போட்டி இல்லை. பிரான்ஸில் 1891-ல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணம் இன்று 1,200 கி.மீ.; அதற்கு 90 மணி நேரம் தருகிறார்கள். அதே முறையில் நடக்கும் 200 கி.மீ. பயணத்துக்கு 13½ மணி நேரம். சாப்பாடு, டீ, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. கூட இல்லை. ஆக, வேண்டியது பொறுமை.

முதலில் உடம்பைப் பாருங்கள்

சைக்கிள் வாங்கும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். இரண்டும் சத்தமில்லாமல் இருப்பவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் உங்கள் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நெடுந்தூரம் ஓட்டும் நாளில் அளவு மாறணுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டைப் பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும்.

பன்னிரண்டு வாரம்

கியர் சைக்கிள்தான் வேணும் என்பதில்லை. மதுரைச் சமவெளிக்குச் சாதாரண சைக்கிளே போதும். சீட் உயரம் சரியா என்று மட்டும் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகால் அதன்மேல் பட, கால் நேராக நீளணும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால்தான் வலிக்கும்.

முதல் 3 வாரம்: வாரத்தில் மூன்று நாள் காலையில் 10 கி.மீ. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றினாலே போதும். ஞாயிறு மட்டும் 20 கி.மீ.; கீழக்குயில்குடி சமணர் மலை வரை போய் வரலாம்.

4 முதல் 6-ஆம் வாரம்: ஞாயிறுதோறும் கொஞ்சம் கூட்டி, 40 கி.மீ.க்கு வாங்க. அழகர்கோவில் போய்த் திரும்பினால் கணக்குச் சரி.

7 முதல் 9-ஆம் வாரம்: 60 கி.மீ., அதாவது மேலூர் போய் வருவது. 10-ஆம் வாரம் பாதியாகக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். 11-ஆம் வாரம் உசிலம்பட்டி போய் வந்தால் ஏறக்குறைய 80. 12-ஆம் வாரம் இடையில் லேசாக ஓட்டி, ஞாயிறு மானாமதுரை போய் வாருங்கள். நூறு ஆகிவிடும்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஒரே நாளில் நடந்து முடிப்பதில்லை. அங்கங்கே தங்கி, கால் பார்த்துத்தான் நடக்கிறார்கள். அந்த நிதானம் இதற்கும் வேணும். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் சேர்த்து ஓட்டாதீங்க. விட்ட இடத்திலிருந்து தொடருங்க.

வெயிலும் காற்றும்

ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும். அந்த மாதத்தில் மானாமதுரை பக்கம் போகும்போது பறப்பீர்கள். திரும்பும்போது ஒவ்வொரு கிலோமீட்டரும் இரண்டாகத் தெரியும். அதனால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது துணைக்காற்று என்று திசையைத் தேர்ந்தெடுங்கள். முதல் நூறுக்கு மார்கழி, தை நல்ல காலம். அக்னி நட்சத்திர நாட்களில் நெடுந்தூரம் வேண்டாம். எப்போதும் விடிந்ததும் கிளம்பி, பத்து மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர், இளநீர், வாழைப்பழம், கடலைமிட்டாய், இட்லி போதும். ஜிகர்தண்டா வீடு திரும்பிய பிறகு!

சாலையில்

ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, பிரதிபலிப்பு ஸ்டிக்கர் மூன்றும் கட்டாயம். ஒரு டியூப், பஞ்சர் சாமான், பம்ப் கையில் இருக்கட்டும். யூ டர்ன் தூரம் என்று ராங் சைடில் போகவே கூடாது. விபத்து நேர்ந்தால் 108. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம்.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் உடனே இறங்குங்கள். "வாயுப் பிடிப்புதான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்று நாம் கடத்தும் அந்த ஒரு மணி நேரம்தான் பல குடும்பங்களில் ஆளையே கொண்டுபோகிறது. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கின்றன. அருகிலிருக்கும் நிலையத்துக்குப் போங்கள், 108-ஐயும் அழையுங்கள். கூட வருபவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நூறு கிலோமீட்டர் முடியாமல் எண்பதில் நின்றாலும் நஷ்டமில்லை. பன்னிரண்டு வாரம் விடியற்காலையில் எழுந்தீர்களே, அந்தப் பழக்கம் மிச்சம். இந்த வாரமே ரத்த அழுத்தம் பாருங்கள். வரும் ஞாயிறு டயருக்குக் காற்று அடியுங்கள்.