பளிங்கில் பேரரசியர்



ரோமாபுரிப் பேரரசர்களின் பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றீர்கள். அவர்தம் மனைவியரும் அன்னையரும் பாடநூலில் இரண்டொரு வரியில் வந்து மறைவர். ஆயினும் அப்பெண்மணிகளின் பளிங்கு முகங்கள் ஐரோப்பியக் காட்சிச்சாலைகளில் மிகுதியாக உள்ளன. பலவற்றில் பெயர் இல்லை. இன்னார் என்று அறிவது எங்ஙனம்?

முகத்தை விடுத்துக் கூந்தலை நோக்குங்கள் என்பேன். நாணயங்களில் பேரரசியின் பெயரும் உருவும் சேர்ந்து வரும். அவ்வுருவின் கூந்தல் ஒப்பனையைச் சிலையோடு ஒப்பிட்டே அறிஞர் துணிகின்றனர். அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு நெற்றியின்மேல் சுருட்டிய முடிச்சு ஓர் அடையாளம். எகிப்தின் ஃபயூமில் கிடைத்து, இன்று கோபன்ஹேகனில் உள்ள தலையில் அதனைத் தெளிவாகக் காணலாம். (நம் கோவை வட்டாரத்தில் கிடைத்த டைபீரியஸ் வெள்ளிக் காசுகளில் அமர்ந்திருக்கும் பெண்ணையும் லிவியா என்று கருதுவோர் உண்டு.) கி.பி. 29-இல், எண்பதைக் கடந்து இறந்த அம்மூதாட்டி, சிலைகளில் பெரும்பாலும் இளமங்கையாகவே இருக்கிறார். ஆடவர் முகச் சுருக்கங்களை அனுபவத்தின் அறிகுறியாகப் போற்றிச் செதுக்கிய மரபு அந்நாட்டில் இருந்தது. பேரரசியர்க்கு அவ்வுரிமை எளிதில் கிட்டவில்லை.

முதல் நூற்றாண்டின் இறுதியில் சுருள்முடி உயர்ந்தது. துறப்பணத்தால் துளைத்துத் துளைத்துத் தேனடைபோல் ஆக்கினர் சிற்பிகள். அத்தலைகளை நாள்தோறும் வாரிய பணிப்பெண்களை எண்ணி நான் இரங்குவதுண்டு!

சிரியாவின் எமெசா நகரில் பிறந்து, செவெரஸ் மன்னரை மணந்த ஜூலியா டொம்னாவின் கூந்தலோ தலைக்கவசம் போன்றது. கி.பி. 204-இல் ரோமாபுரியின் மாட்டுச் சந்தையருகே, நாணயம் மாற்றுவோரும் மாட்டு வணிகரும் சேர்ந்து ஒரு வாயில் எடுப்பித்தனர். அதன் உட்புறப் புடைப்புச் சிற்பமொன்றில் செவெரஸ், ஜூலியா, இளையமகன் கெட்டா ஆகிய மூவரும் வேள்வி செய்து நின்றனர்.

211-இல் செவெரஸ் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே மூத்தமகன் கரகல்லா தம்பியைக் கொல்வித்தான். தாயின் அணைப்பிலேயே அக்கொலை நிகழ்ந்தது என்று அக்காலத்தவரான காசியஸ் டியோ எழுதுகிறார். மகனுக்காக அழவும் அவ்வன்னைக்கு இசைவு இல்லையாம்; மகிழ்ந்தவர்போல் சிரிக்க வேண்டியிருந்ததாம். பின்னர்க் கெட்டாவின் பெயரையும் உருவையும் எங்கும் அழித்தனர். அவ்வாயிலும் தப்பவில்லை.

நூலகத்தில் அதன் நிழற்படம் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். செவெரஸ் நிற்கிறார், ஜூலியாவும் நிற்கிறார், அவர் அருகே, கெட்டா நின்ற இடத்தில், உளி பட்ட வெறுங்கல் இருக்கிறது.